போனதை எண்ணிப் புண்ணாகும் மனம்: பாரத்தை இறக்கி வைக்க ஒரு வழி

நடுச்சாமத்தில் தொலைபேசி அடித்தால் நெஞ்சு பதறாத புலம்பெயர்ந்த தமிழர் எவரும் இருக்கமாட்டார். ஊரில் யாருக்கு என்னவோ என்ற பயம்தான் முதலில் வரும். அந்தச் செய்தி வந்து, அழுது, நினைவு ஆராதனையும் வைத்து, வருடங்கள் ஓடிய பின்னும் ஒரு எண்ணம் மட்டும் போகாமல் நிற்கும். "அன்றைக்குப் போயிருக்கலாமே." "ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமே." "அந்த வார்த்தையைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே."

சென்ற இதழ்களில் நீரிழிவு, கொலஸ்ட்ரோல் என்று உடல் சார்ந்த நோய்களைப் பற்றிப் பார்த்தோம். இம்முறை மனதில் கிடந்து உடலையும் வருத்துகிற இந்தப் பழைய வருத்தத்தைப் பற்றிப் பார்ப்போம். தவக்காலம் நெருங்கி வருவதால், கிறிஸ்தவ விசுவாசம் இதற்குக் காட்டும் வழியை மையமாக வைத்து எழுதுகிறோம். எமது சங்கத்தில் சைவக் குடும்பங்களும் நிறைய உண்டு. இதில் வரும் உடல்நலக் குறிப்புகள் எல்லோருக்கும் பொருந்தும். மற்றவற்றை ஓர் அயல் வீட்டாரின் அனுபவமாக வாசித்துக் கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் கதை

இந்தக் கட்டுரையை எழுதும் நாங்கள் கணவனும் மனைவியும். நாங்கள் 1993 இல் கனடாவுக்கு வந்தோம். ஐயா யாழ்ப்பாணத்தில் இருந்தார். எங்களில் ஒருவருக்கு அவர் தகப்பன், மற்றவருக்கு மாமா. 1995 ஆனி மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்களுக்கு என்று சொல்லி வைத்திருந்த வளவைத் தம்பியின் பெயரில் எழுதப் போவதாக அதில் இருந்தது. எங்களுக்குக் கோபம். "அவர் முதலில் விளக்கம் சொல்லட்டும்" என்றார் ஒருவர். "ஓம், இருக்கட்டும்" என்றார் மற்றவர். கடிதம் குசினி லாச்சிக்குள் போனது. பதில் எழுதவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. லட்சக்கணக்கான சனம் மழைக்குள் தென்மராட்சியை நோக்கி நடந்தது. ஐயாவும் நடந்தார். அவருக்கு ஏற்கனவே இழுப்பு வருத்தம். 1996 தை மாதம் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் அவர் கண்ணை மூடினார். செய்தி எங்களுக்கு மூன்று கிழமை கழித்துத்தான் கொழும்பு வழியாக வந்தது. எங்கள் அகதி வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. நாட்டை விட்டு வெளியே போக முடியாத நிலை. போயிருந்தாலும் சென்று சேரப் பாதை இருந்திருக்காது.

அதற்குப் பிறகு வந்த சில வருடங்கள் நல்லவை அல்ல. மகள் விடிய மூன்று மணிக்கு எழும்பிக் கட்டிலில் குந்தியிருப்பார். நெஞ்சுக்குள் கல்லை வைத்தது போல இருக்கிறது என்பார். மருமகன் இரண்டு வேலை செய்து வீட்டுக்கு வராமல் தப்பினார்; வந்தால் பிள்ளைகளில் எரிந்து விழுந்தார். ஐயாவைப் பற்றி இருவரும் கதைக்கவே இல்லை. வைத்தியசாலையில் இதயப் பரிசோதனை எல்லாம் செய்து பார்த்தார்கள். இதயத்தில் குறை இல்லை, இரத்த அழுத்தம் மட்டும் கூட என்றார்கள். கடைசியில் குடும்ப வைத்தியர்தான் ஒரு கேள்வி கேட்டார்: "இது எப்போது தொடங்கியது?" யோசித்துப் பார்த்தால், 1996 மாசி.

வருத்தம் உடலுக்கு என்ன செய்கிறது?

பயமோ கோபமோ வரும்போது உடல் அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய சுரப்புகளை இரத்தத்தில் விடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆபத்திலிருந்து ஓடித் தப்ப உடல் செய்யும் ஏற்பாடு இது. ஆபத்து விலகியதும் எல்லாம் பழைய நிலைக்கு இறங்கவேண்டும்.

ஆனால் பழைய வருத்தத்தில் ஆபத்து வெளியே இல்லை, நினைவுக்குள் இருக்கிறது. நினைக்கும் ஒவ்வொரு முறையும் உடல் மீண்டும் விழித்துக் கொள்கிறது. இதனால் நித்திரை குறைகிறது, வயிறு குழம்புகிறது, தலையிடி, கழுத்து உளைவு வருகின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சீனியின் அளவும் ஏறலாம். எமது மூத்தவர்கள் "மனம் சரியில்லை" என்று சொல்லமாட்டார்கள். "உடம்பு அலுப்பு", "நெஞ்சு பாரம்" என்றுதான் சொல்லுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஆயினும் நெஞ்சு நோவை மனக்கவலை என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. முதலில் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

ஒரே நினைவைத் திரும்பத் திரும்ப அசைபோடுவதால் விடை கிடைக்கும் என்று நாம் நினைக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா (1959–2013) இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். சோர்வு வரும்போது அதையே அசைபோடுகிறவர்களுக்கு அந்தச் சோர்வு நீண்டு செல்கிறது என்பதை அவர் காட்டினார். அசைபோடுதல் யோசனை போலத் தோன்றும், ஆனால் எந்த முடிவுக்கும் கொண்டு போய்ச் சேர்க்காது.

இன்னொன்றும் உண்டு. ஒரு காரியம் நடந்து முடிந்த பிறகு, "இது நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்" என்று மனம் சொல்லும். முடிவைத் தெரிந்து கொண்டவர்கள், அதை முன்கூட்டியே எளிதாக அறிந்திருக்கலாம் என்று தவறாகக் கணிப்பதைப் பருக் ஃபிஷ்ஹொஃப் என்ற ஆய்வாளர் 1975 இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். ஐயாவின் கடிதத்தை லாச்சிக்குள் போட்ட நாளில் இடப்பெயர்வு வரும் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் விடிய மூன்று மணிக்கு எங்கள் மனம், தெரிந்தே செய்தவர்களாக எங்களை விசாரித்தது.

இரண்டு கொப்பிகள்

எங்கள் செபக் குழுவில் வயதான ஒரு பெரியம்மா இருந்தார். ஒரு நாள் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது, மகள் அடக்க முடியாமல் "நான்தான் பெரியம்மா ஐயாவைக் கொன்றது" என்று சொல்லி அழுதுவிட்டார். பெரியம்மா முழுவதையும் கேட்டார். இடையில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: "பிள்ளை, நீ பாவத்தையும் துக்கத்தையும் ஒரே கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாய். அதுதான் கணக்கு முடியுதில்லை. இரண்டு கொப்பி எடு."

இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அதுதான். நாம் "குற்ற உணர்ச்சி" என்று ஒரே பெயரில் சுமப்பதற்குள் பெரும்பாலும் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன.

ஒன்று, நாம் செய்த பிழை. எங்கள் விடயத்தில், கோபத்தில் பதில் எழுதாமல் விட்டது. அது எங்கள் கையில் இருந்தது. செய்திருக்கலாம், செய்யவில்லை.

மற்றது, நமக்கு நேர்ந்த இழப்பு. போர், இடப்பெயர்வு, இழுப்பு வருத்தம், வழக்கு முடியாத நிலை, சாவுக்குப் போக முடியாமை. இவற்றில் எதுவும் எங்கள் கையில் இருக்கவில்லை.

பிழைக்கு மன்னிப்பு வேண்டும். இழப்புக்கு மன்னிப்புப் பொருந்தாது, அழுகைதான் வேண்டும். இழப்பைப் பிழையாக எண்ணி அதற்கு மன்னிப்புக் கேட்டுக் கொண்டே இருந்தால் மனம் ஆறாது. ஏனென்றால் அங்கே மன்னிக்க ஒன்றும் இல்லை. அதேபோல் பிழையை "அது விதி, அது போரால் வந்தது" என்று மூடி வைத்தாலும் ஆறாது. புலம்பெயர்ந்த எமது வீடுகளில் இந்த இரண்டும் பின்னிக் கிடப்பதால்தான் வருத்தம் இவ்வளவு காலம் நீடிக்கிறது என்று நாங்கள் நம்புகிறோம்.

முதலாம் கொப்பி: நாம் செய்த பிழை

வேதாகமத்தில் பேதுருவின் கதையை எல்லோரும் அறிவோம். இயேசு பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரி நெருப்பில் குளிர் காய்ந்தபடி, அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தார். பிறகு மனம் கசந்து அழுதார். யோவான் நற்செய்தியின் 21 ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசு கடற்கரையில் பேதுருவைச் சந்திக்கிறார். அங்கேயும் ஒரு கரி நெருப்பு எரிகிறது. மீனும் அப்பமும் இருக்கின்றன. முதலில் சாப்பாடு, பிறகுதான் பேச்சு.

அந்தப் பேச்சில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஏன் அப்படிச் செய்தாய் என்று இயேசு கேட்கவில்லை. நடந்ததை மறந்து விட்டேன் என்றும் சொல்லவில்லை. தம்மிடத்தில் அன்பு உண்டா என்று மூன்று தரம் கேட்டார். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. மூன்றாம் தரம் பேதுருவுக்கு வலித்தது. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் ஒரு வேலையைக் கொடுத்தார்: ஆடுகளைப் பார்த்துக் கொள்ளும் வேலை. காயம் பட்ட அதே இடத்தைத் தொட்டு, சுத்தம் செய்து, மருந்து கட்டி, பிறகு எழுந்து நடக்கச் சொன்னது போன்ற செயல் இது.

யூதாசும் மனம் வருந்தினார் என்று மத்தேயு 27 ஆம் அதிகாரம் சொல்கிறது. முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோனார். தான் பாவம் செய்ததாக வாயால் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் அதைச் சொன்ன ஆசாரியர்கள், அது தங்கள் கவலை அல்ல என்று கைவிரித்து விட்டார்கள். அதன் பிறகு அவர் தனியே போய்த் தன் உயிரை முடித்துக் கொண்டார். இந்தப் பகுதியை வாசிக்கும்போது யூதாசைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நாம் கடந்து போகிறோம். அந்த ஆசாரியர்களையும் பார்க்கவேண்டும். ஒருவர் தன் பாரத்தைச் சொல்ல வரும்போது "அதெல்லாம் பழைய கதை, விடு" என்று தட்டிக் கழிக்கும் நாமும் அவர்களைப் போலத்தான் நடக்கிறோம்.

செய்த பிழையைத் திருத்த வழி இருந்தால் திருத்தவேண்டும். லூக்கா 19 ஆம் அதிகாரத்தில் வரும் சகேயு, அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். மன்னிப்பு கிடைத்ததால் கடன் இல்லை என்று அவர் இருந்து விடவில்லை.

ஆனால் திருப்பிக் கொடுக்க முடியாத பிழை என்றால்? இதற்கு ஆங்கிலேயர் ஜோன் நியூட்டனின் வாழ்க்கை ஒரு பாடம். 1725 இல் பிறந்த இவர் ஆபிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் செல்லும் கப்பல்களில் வேலை செய்தார். 1748 இல் கடும் புயலில் கப்பல் மூழ்கும் நிலையில் கடவுளைக் கூப்பிட்டார். அந்த நாளைத் தன் மனமாற்றத்தின் தொடக்கமாக வாழ்நாள் முழுவதும் நினைவு கூர்ந்தார். எனினும் அதற்குப் பிறகும் அடிமைக் கப்பல்களின் கப்டனாகப் போனார். 1754 இல் உடல்நலக் குறைவால்தான் கடல் தொழிலை விட்டார். 1764 இல் குருவானார். உலகம் முழுவதும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர் இவரே. அது 1779 இல் அச்சில் வந்தது. அப்போதும் தான் செய்த வியாபாரத்தை எதிர்த்து அவர் பகிரங்கமாக எழுதவில்லை.

1788 இல், கப்பலை விட்டு 34 ஆண்டுகளுக்குப் பின், அடிமை வியாபாரத்தின் கொடுமைகளைத் தான் கண்டபடி, தான் செய்தபடி எழுதி ஒரு சிறு நூலை வெளியிட்டார். தன் ஒப்புதல் காலம் கடந்து வருகிறது என்றும், தான் அதில் ஈடுபட்டதை எண்ணி என்றும் வெட்கப்படுவேன் என்றும் அதில் ஒப்புக்கொண்டார். அரசு விசாரணையிலும் சாட்சி சொன்னார். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸ், 1785 இல் அரசியலை விடுவதா என்று குழம்பி நியூட்டனிடம் ஆலோசனை கேட்டபோது, அங்கேயே இருந்து சேவை செய்யும்படி சொன்னவரும் இவரே. அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் 1807 பங்குனி மாதம் நிறைவேறியது. அதே ஆண்டு மார்கழியில் நியூட்டன் இறந்தார்.

கடலில் மாண்டவர்களுக்கு அவரால் எதையும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. நினைவும் அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் அந்த நினைவு மறைவில் கிடந்து அழுகாமல், மற்றவர்களைக் காக்கும் சாட்சியாக மாறியது. மன்னிக்கப்பட்டவர் உண்மையைச் சொல்லப் பயப்பட வேண்டியதில்லை. அதைச் சொல்ல அவருக்கு இவ்வளவு காலம் எடுத்தது என்பதும் எமக்கு ஒரு எச்சரிக்கை.

இரண்டாம் கொப்பி: நமக்கு நேர்ந்த இழப்பு

யோவான் 11 ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். லாசரு நோயாய் இருக்கிறார். சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் இயேசுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். அவர் வந்து சேரும்போது லாசரு கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாளாகிவிட்டது. முதலில் மார்த்தாள் வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் அவன் செத்திருக்கமாட்டான் என்ற கருத்தில் சொல்கிறார். பிறகு மரியாள் வந்து அதையே சொல்கிறார். அந்த நான்கு நாளும் வீட்டுக்குள் இருவரும் இதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொண்டிருந்திருப்பார்கள். "அன்றைக்கு மட்டும் இருந்திருந்தால்" என்ற எங்கள் வீட்டு வார்த்தை வேதத்திலும் இருக்கிறது.

இயேசு அவர்களைக் கண்டிக்கவில்லை. விசுவாசம் உள்ளவர்கள் அழக்கூடாது என்று சொல்லவில்லை. கண்ணீர் விட்டார். சிறிது நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவரே முதலில் அழுதார் என்றால், அழுகையைத் தாண்டி ஓடவேண்டிய அவசியம் எமக்கும் இல்லை.

புலம்பெயர்ந்த எங்களில் பலர் முறையாக அழவே இல்லை. செய்தி வந்த அடுத்த நாள் வேலைக்குப் போனோம். பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்து விட்டு அழுதோம். பெட்டியைத் தூக்கவில்லை, மண் போடவில்லை. அந்தத் துக்கம் தன் இடத்தில் இறங்க முடியாமல், "நான்தான் பிழை" என்ற வேடத்தில் மூன்று மணிக்கு வந்து நிற்கிறது. அதை அடையாளம் கண்டு, "நீ குற்றம் இல்லை, நீ துக்கம்" என்று பெயர் மாற்றிச் சொல்லும்போதே பாரம் பாதி குறைகிறது. இது எங்கள் அனுபவம்.

மறப்பது என்றால் என்ன?

பின்னானவற்றை மறந்து முன்னானவற்றை நோக்கிப் போவதாகப் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 3 ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். இதை வைத்து, "விசுவாசி என்றால் பழையதை நினைக்கக் கூடாது" என்று சிலர் அறிவுரை சொல்வதுண்டு. ஆனால் அதே அதிகாரத்தில், சில வசனங்களுக்கு முன், தான் சபையைத் துன்புறுத்தியவன் என்று பவுலே எழுதியிருக்கிறார். அவருக்கு நினைவு அழிந்து போகவில்லை. அந்த நினைவு அவருடைய நடையைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை இழந்து விட்டது. மறத்தல் என்பதை நாம் அப்படித்தான் விளங்கிக் கொள்கிறோம்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி

1. ஒரு தாளை மடித்து மூன்று பத்தி ஆக்குங்கள். முதலாவதில் "என் பிழை", இரண்டாவதில் "என் கையில் இல்லாதது", மூன்றாவதில் "இன்னும் செய்யக்கூடியது". மனதில் வரும் ஒவ்வொரு "அன்றைக்கு மட்டும்" என்பதையும் அதற்குரிய பத்தியில் எழுதுங்கள். அன்று உங்களுக்குத் தெரிந்திருந்ததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். பின்னர் தெரிய வந்ததை வைத்து அல்ல.

2. முதலாம் பத்தியைக் கடவுளிடம் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். "எல்லாவற்றையும் மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லாமல், "அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விட்டேன்" என்று சொல்லுங்கள். கத்தோலிக்கர்களுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. மற்றச் சபையினர் நம்பிக்கையான போதகரிடமோ முதிர்ந்த விசுவாசியிடமோ சொல்லலாம். ஒரு மனிதக் காதில் விழும்போது பாரம் உண்மையாகவே இறங்குகிறது.

3. இரண்டாம் பத்திக்கு நேரம் ஒதுக்குங்கள். இறந்தவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மனதை அழுத்தும் நிகழ்வைப் பற்றி 15 முதல் 20 நிமிடம் வரை, மூன்று அல்லது நான்கு நாட்கள் தொடர்ந்து எழுதும் முறையை உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் ஆராய்ந்தார். பலருக்கு அது ஓரளவு பயன் தந்ததைப் பின் வந்த ஆய்வுகளும் காட்டின. எழுதும்போது தாங்க முடியாமல் வந்தால் நிறுத்தி விடுங்கள்.

4. மூன்றாம் பத்தியில் இருந்து ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். ஒரு அழைப்பு, ஒரு கடன், ஒரு மன்னிப்பு.

5. அசைபோடும் நேரம் வந்தால் கட்டிலில் கிடக்க வேண்டாம். எழுந்து விளக்கைப் போட்டு, ஒரு சங்கீதம் வாசித்து, நித்திரை வரும்போது மட்டும் திரும்பிப் படுங்கள். பகலில் அரை மணி நேரம் நடவுங்கள். பனிக்காலத்தில் கடைத்தொகுதிக்குள் நடந்தாலும் போதும்.

ஒரு எச்சரிக்கை. மன்னிப்பு என்பது, உங்களை அடித்தவரிடமோ துன்புறுத்தியவரிடமோ திரும்பிப் போகவேண்டும் என்று பொருள் அல்ல. அவர் செய்த பிழையை உங்கள் முதலாம் பத்தியில் எழுதவும் வேண்டாம். அது உங்கள் பிழை அல்ல.

வைத்தியரிடம் போகவேண்டியது எப்போது?

செபம் செய்பவர்களுக்கு மருந்து தேவை இல்லை என்ற எண்ணம் தவறானது. சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறோம், செபமும் செய்கிறோம். இதுவும் அப்படித்தான். கீழ்க்காணும் அறிகுறிகள் இருந்தால் குடும்ப வைத்தியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்:

- இரண்டு கிழமைக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில் மனச்சோர்வு, எதிலும் விருப்பமின்மை.
- நித்திரை, பசி, நிறை ஆகியவற்றில் பெரிய மாற்றம்.
- நெருங்கியவரை இழந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அன்றாட வேலைகளைச் செய்ய முடியாத அளவு துக்கம். இது நீடித்த துக்கம் என்ற தனி நிலையாக இப்போது மருத்துவ உலகில் ஏற்கப்பட்டுள்ளது. இதற்கெனச் சிகிச்சைகள் உண்டு.
- போர்க் காட்சிகள் திடீர் திடீரெனக் கண்முன் வருதல், கெட்ட கனவுகள்.
- துக்கத்தை மறக்க மதுவை நாடுதல்.

வாழ்ந்து பயனில்லை, இறந்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம். கனடாவில் 2023 நவம்பர் 30 முதல் 988 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் உண்டு. உடனடி ஆபத்து என்றால் 911. மொழி கஷ்டமான மூத்தவர்களுக்குப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து உதவுங்கள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அறிவுரை சொல்ல அவசரப்பட வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவர்கள் பிழை விடத் தொடங்கினார்கள். எங்கள் பெரியம்மா முழுவதையும் கேட்ட பிறகுதான் பேசினார்.

கடைசியாக

2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து பாதை திறந்தது. 2003 ஆவணியில் நாங்கள் ஊருக்குப் போனோம். ஐயாவை அடக்கம் செய்த சேமக்காலையைத் தேடினோம். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நொறுங்கிக் கிடந்தது. சிலுவையும் இல்லை, அடையாளமும் இல்லை. இந்தப் பக்கம்தான் என்று ஒருவர் கையைக் காட்டினார். அங்கே நின்று, எட்டு வருடம் பிந்திய பதில் கடிதத்தை மகள் வாசித்தார். வளவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மருமகன் பக்கத்தில் நின்று, முதல் தடவையாகச் சத்தமாக அழுதார். அன்று பின்னேரம் தம்பி வீட்டுக்குப் போய், அந்த வளவு மாமரத்துக்குக் கீழே இருந்து சாப்பிட்டோம். கதைக்காமல் விட்ட வருடங்களுக்காக அவரிடமும் மன்னிப்புக் கேட்டோம்.

நினைவு இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு தை மாதமும் வரும். வந்து இருந்துவிட்டுப் போகும். நித்திரையைக் கொண்டு போவதில்லை.

இப்போது எங்கள் பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களோடும் கோபதாபம் வராமல் இல்லை. ஆனால் வீட்டில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம்: யார் சரி, யார் பிழை என்று பாராமல், ஒரு கிழமை தாண்டுவதற்குள் பெரியவர்களான நாங்களே முதலில் அழைப்போம். ஐயாவுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாததை இப்படித்தான் கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.

அன்பான வாசகர்களே, இன்று எடுக்காமல் விடும் அழைப்புகளில் இருந்துதான் நாளைய வருத்தங்கள் உருவாகின்றன. உங்கள் லாச்சிக்குள்ளும் பதில் எழுதாத ஒரு கடிதம் இருக்கக் கூடும். இந்த இதழை மூடி வைத்துவிட்டு அதை எடுத்துப் பாருங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. எங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒரு பழைய வருத்தம் உண்டா? அது பிழையா, இழப்பா?
2. பேதுருவிடம் பேசுவதற்கு முன் இயேசு ஏன் சாப்பாடு கொடுத்தார்?
3. இந்த வாரம் நாங்கள் அழைக்கவேண்டியவர் யார்?

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம். எல்லோரும் உடல் நலமும் மன அமைதியும் பெற்று வாழ வேண்டுகிறோம்.